அச்சுக்குப் போகும் முன் வம்சாவளிக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

சதாபிஷேகத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையோடு குடும்ப வரலாற்று நூல் ஒன்றையும் கொடுத்தனுப்பும் வழக்கம் நம் ஊர்ப்பக்கமும் வந்துவிட்டது. நல்ல வழக்கம்தான். தாத்தா பெயருக்கு மேல் சொல்லத் தெரியாத பிள்ளைகள், பூட்டன் பூட்டி, ஓட்டன் ஓட்டி வரைக்கும் ஒரே பக்கத்தில் பார்க்கிறார்கள். அதில் எனக்கும் மகிழ்ச்சியே. அந்த நூல்கள் தயாராகும் விதம்தான் கவலை தருகிறது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு பையன் பல வருஷமாக வம்சாவளி மென்பொருளில் பெயர்களை ஏற்றி வைத்திருப்பான். விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அறிக்கை தயாரிக்கும் பொத்தானை அழுத்துவான். முந்நூறு பக்கத்துக்குப் பிடிஎஃப் வந்து விழும். அது அப்படியே அச்சகத்துக்குப் போய்விடும்.

இதில் நான் கறாராக இருக்கிறேன். கணினியில் இருக்கும் வம்சாவளியை ஆள் ஆளாக, தேதி தேதியாகச் சரிபார்க்காமல் நூலாக்கக் கூடாது. விழாவுக்குள் முடியாது என்றால் விழா நூல் இல்லாமலே நடக்கட்டும். கணினியில் உள்ள பிழையை ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்திவிடலாம். இருநூறு பிரதி அச்சாகி இருநூறு வீட்டு அலமாரிக்குள் போய்விட்ட பிழையை யார் திருத்துவது? முப்பது வருஷம் கழித்து ஒரு பேத்தி அதை எடுத்துப் பார்த்து, “புத்தகத்துலயே போட்டிருக்கு” என்று தன்னுடைய கோப்பில் ஏற்றுவாள். ஒருவர் திண்ணையில் ஊகமாகச் சொன்னது மூன்று கை மாறி வரலாறாகிவிடுவது இப்படித்தான்.

சட்டமும் இந்த நூல்களை விளையாட்டாகப் பார்ப்பதில்லை. 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, இறந்துபோனவர்கள் விட்டுச்சென்ற கூற்றுகளில் எவை வழக்கில் எடுத்துக்கொள்ளத்தக்கவை என்று வகைப்படுத்தியது. குடும்ப வம்சாவளியிலும் கல்லறைக் கல்லிலும் குடும்பப் படத்திலும் எழுதிவைத்த உறவுமுறை அந்த வகையில் வரும்; தகராறு முளைப்பதற்கு முன்னால் எழுதியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமும் 26-ஆவது பிரிவில் அதையே தொடர்கிறது. இன்று ஆசைக்குப் போடும் புத்தகம், போட்டவர் காலத்துக்குப் பிறகு ஒரு சொத்து வழக்கில் போய் நிற்கலாம். அதில் ஒரு மகளின் பெயர் விடுபட்டிருந்தால், மூத்த தாரத்துப் பிள்ளை இளைய தாரத்தின் கீழே அச்சாகியிருந்தால், அதற்கு விலை கொடுக்கப்போவது அந்தக் கிளையில் பிறந்தவர்கள்.

என் பணிக்காலம் முழுவதும் திருநெல்வேலிப் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகங்களில் கழிந்தது. வில்லங்கச் சான்று எழுதிக் கொடுப்பது என் அன்றாட வேலை. நிலத்தை வாங்குகிறவர் விற்கிறவரின் வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுப்பதில்லை. மூலப்பத்திரம் எங்கே, நடுவில் யார் பெயருக்கு மாறியது, யார் கையெழுத்துப் போடவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார். கால் சென்ட் மனைக்குக் காட்டும் இந்தக் கவனத்தை நம்மைப் பெற்றவர்களின் பெயர் விஷயத்தில் காட்டுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து எங்கள் குடும்பக் கோப்பை அனுப்பினான். நெடுநாள் உழைப்பு; அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். “அத்தை, சாப்ட்வேர்ல ஒரு எரரும் காட்டலை. அச்சுக்குக் குடுத்துரலாம்லா?” என்றான். “ஏய்யா, அதுக்குக் கேக்கத் தெரிஞ்ச கேள்வியத்தான் அது கேக்கும். நம்ம வீட்டுக் கேள்விய நாமதான் கேக்கணும்” என்றேன்.

அவன் அனுப்பியது மூன்று கோப்புகளை ஒன்றாக்கியது. அவன் சேர்த்தது ஒன்று, மலேசியாவில் இருக்கும் பெரியப்பா வழியினர் சேர்த்தது ஒன்று, நான் இங்கே வைத்திருந்தது ஒன்று. மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்ள கெட்காம் என்றொரு பொது வடிவம் இருக்கிறது. மார்மன் திருச்சபை என்று பலரும் அறிந்திருக்கும் அமெரிக்கத் திருச்சபை 1984-இல் உருவாக்கியது. அதன் வழியாக யாருடைய கோப்பும் யாருடைய கோப்போடும் சேர்ந்துவிடும். சேர்ந்த பிறகுதான் தொல்லை: ஒரே ஆள் மூன்று தடவை இருப்பார். அதைக் கண்டுபிடிக்க எல்லா மென்பொருளிலும் ஒரு கருவி உண்டு. நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள். அதிலும் ஒரே ஆளாக இருக்கக்கூடியவர்களை இணை இணையாகக் காட்டும் வசதி இருக்கிறது. அது காட்டட்டும். இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று முடிவு செய்யும் வேலையை மட்டும் அதனிடம் விடக் கூடாது.

ஏனென்றால் நம் வீடுகளில் பெயர் திரும்பத் திரும்ப வரும். தாத்தா பெயர் பேரனுக்கு, ஆச்சி பெயர் பேத்திக்கு. அண்ணன் தம்பி நாலு பேர் என்றால் நாலு பேருமே தகப்பனார் பெயரைத் தலைப்பிள்ளைக்கு வைத்திருப்பார்கள். எங்கள் கோப்பில் சுப்பையா என்ற பெயரில் இருந்தவர்களில் இரண்டு பேரை ஒரே ஆள் என்று சொன்னது கணினி. அது சொன்னதில் தப்பில்லை. பெயர் ஒன்று, ஊர் ஒன்று, முதலெழுத்து ஒன்று, பிறந்த வருஷம் ஒருவருக்கு 1934, மற்றவருக்கு 1936. யார் பார்த்தாலும் ஒன்றாக்கிவிடத்தான் தோன்றும்.

அந்த 1936 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஓர் ஓலை ஜாதகம். அதில் இருந்தது “தாது வருஷம் கார்த்திகை மாதம்” என்பது மட்டுமே. தமிழ் வருஷம் அறுபதும் சுழன்று திரும்ப வருவது. தாது 1936-இலும் வந்தது, அதற்கு முன் 1876-இலும் வந்தது. நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லி நடுங்கிய தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய வருஷம் அது. எந்தத் தாது என்பதற்கு ஜாதகத்தில் பதில் இல்லை. பதில் கிடைத்தது ஒரு கிரயப் பத்திரத்தில். கொல்லம் 1087 ஆவணியில் எழுதியது. ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை என்றால் கொல்லத்தோடு 824 கூட்ட வேண்டும், அதன் பிறகு ஆடி வரை என்றால் 825. ஆக, பத்திரம் 1911-ஆம் வருஷத்தது. நஞ்சை வாங்கியவர் “சுப்பையா, வயது சுமார் 35”. கீழே அவர் பெருவிரல் ரேகை. 1936-இல் பிறக்க வேண்டியவர் 1911-இல் வயல் வாங்க முடியாதே. ஜாதகம் பெரிய சுப்பையாவுடையது. அவர் 1876-இல் பிறந்தவர். 1934-இல் பிறந்தவர் அவருடைய பேரன். இருவரையும் ஒன்றாக்கியிருந்தால் தாத்தாவின் பிள்ளைகள் பேரனின் பிள்ளைகளாகியிருப்பார்கள், நடுவில் ஒரு தலைமுறை இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும்.

இதிலிருந்து ஒரு நடைமுறையை எங்கள் கோப்புக்கு வகுத்துக்கொண்டோம். ஆதாரத்தில் தேதி எப்படி இருக்கிறதோ அப்படியே முதலில் எழுதுவது. ஆங்கிலத் தேதியை அதற்குப் பக்கத்தில், நாம் கணக்கிட்டது என்று தெரியும்படி எழுதுவது. கெட்காமில் கிரிகோரியன், ஜூலியன், யூதர், பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டிகளுக்கு இடம் இருக்கிறது. நம் அறுபது வருஷச் சுழற்சிக்கும் கொல்லத்துக்கும் இல்லை. ஆகவே பலரும் மனக்கணக்காக மாற்றி ஆங்கிலத் தேதியை மட்டும் ஏற்றிவிட்டு மூலத்தை விட்டுவிடுகிறார்கள். பிறகு தப்பு எங்கே நடந்தது என்று யாராலும் பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடியாது. தெரியாத தேதிக்கு “சுமார்”, “இதற்கு முன்”, “இதற்குப் பின்” என்று குறிக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. நூலிலும் அது அப்படியே வர வேண்டும். “சுமார் 1890” என்பதில் உள்ள “சுமார்” அழகைக் கெடுக்கிறது என்று அதை எடுத்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லில்தான் நேர்மை இருக்கிறது.

பிறந்த தேதிகளைப் பற்றி இன்னும் ஒன்று. எங்கள் பெற்றோர் தலைமுறையில் பாதிப்பேர் மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் பிறந்திருப்பதாகக் கோப்பு சொன்னது. காரணம் ஊருக்கே தெரியும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயசு. பள்ளி திறக்கும் சமயத்தை ஒட்டி ஒரு தேதியை அவரே போட்டுக்கொள்வார். கடைசியில் பென்ஷன் புத்தகம் வரைக்கும் அதுதான். பதிவேடுகள் முழுமையாக இல்லாத காலம். பிறப்பு இறப்பை நாடு முழுவதும் கட்டாயமாகப் பதிவு செய்யச் சொன்ன சட்டமே 1969-இல்தான் வந்தது. ஆகவே பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியைப் பள்ளித் தேதி என்றே குறிக்க வேண்டும். பக்கத்தில் ஜாதகமோ, “பெரிய வெள்ளத்துக்கு மறுவருஷம்” என்ற அம்மாவின் சொல்லோ இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடக் கூடாது.

சரிபார்க்கும் கருவி எச்சரிக்கை காட்டும் இடங்களிலும் அவசரப்படக் கூடாது. “தாய்க்கு வயது மிகக் குறைவு” என்று எங்கள் கோப்பில் வரிசையாக வந்தது. சாரதா சட்டம் 1930-இல் நடைமுறைக்கு வரும் வரை பெண்ணின் கல்யாணத்துக்கு நாடு தழுவிய குறைந்தபட்ச வயது என்று ஒன்று கிடையாது. அந்தச் சட்டமே 14 என்றுதான் வைத்தது. பன்னிரண்டு வயசில் கல்யாணமாகிப் பதினான்கில் பிள்ளை பெற்றவர்கள் எங்கள் பூட்டிமார். அண்ணன் மகன் அது தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்து வயசைக் கூட்டிவிடப் பார்த்தான். வேண்டாம் என்றேன். அது அவர்கள் பட்ட பாடு. இந்தக் காலத்துக் கண்ணுக்கு உறுத்துகிறது என்பதற்காக அதை மாற்ற நமக்கு உரிமையில்லை.

அதே கருவி காட்டிய இன்னோர் எச்சரிக்கை உண்மையான பிழையைப் பிடித்துக் கொடுத்தது. தாய் இறந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு மகன் பிறந்திருந்தார். அந்தத் தாய் பிரசவத்தில் போனவர்; அவருடைய தங்கையையே இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்திருந்தார்கள். அக்காள் தங்கை இருவருடைய பிள்ளைகளும் மலேசியக் கோப்பில் ஒரே பெண்ணின் கீழே இருந்தார்கள். தங்கைக்கு அங்கே பதிவே இல்லை. ஆறு பிள்ளை பெற்று வளர்த்து, மூத்தாள் பிள்ளைகளையும் ஆளாக்கிய ஒருத்தி இல்லாமலே போயிருந்தாள்.

பெண்கள் விஷயத்துக்கு வந்துவிட்டேன். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பெரும்பாலான வம்சாவளிகள் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதையும் வைத்துக் கட்டியவை. இரண்டிலும் ஆண்கள்தான் இருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் 1950-களில் எழுதிய பாகப்பிரிவினையில் தாத்தாவின் மகன்கள் நாலு பேர். அவ்வளவுதான் தாத்தாவுக்குப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்ளலாம். அத்தைமார் இருந்தார்கள் என்பது நினைவு இருக்கும் வரைக்கும் தெரியும். நினைவு போனால் அவர்களும் போனார்கள். இந்த மாதிரி இடத்தில் நான் சொல்வது: விடுதலைப் பத்திரங்களைத் தேடுங்கள். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் அவர் பங்கில் மகளுக்கும் பங்கு என்றானது. தமிழ்நாட்டில் 1989-ஆம் வருஷத் திருத்தம் அப்போது கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான உரிமை கொடுத்தது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் கல்யாணமானவர், ஆகாதவர் என்ற பேதத்தையும் எடுத்துவிட்டது. அதனால் நிலத்தை வாங்க வருகிறவர்கள் “அக்கா தங்கச்சி கையெழுத்து வேணும்” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணன் தம்பிகள் சகோதரிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

அந்தப் பத்திரங்களை எழுதும்போது பார்த்தவள் நான். ஒவ்வொரு பெண்ணுக்கும் முழுப்பெயர், தகப்பனார் பெயர், கணவர் பெயர், வயது, கதவு எண்ணோடு முகவரி. எங்கள் அத்தைமார் மூன்று பேரும் 1991-ஆம் வருஷத்து விடுதலைப் பத்திரம் ஒன்றில் வரிசையாக இருக்கிறார்கள். மூத்தவர் ரேகை வைத்திருக்கிறார். நடு அத்தை தமிழில் கையெழுத்து; “ளி”யின் சுழி கடைசியில் நடுங்கியிருக்கிறது. சின்ன அத்தை ஈப்போவில் இருந்தபடியால் அவருக்குப் பதிலாக அதிகாரப் பத்திரம் பெற்றவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அந்த நாளில்தான் அவர்களுடைய பெயர் முழுசாகப் பதிவாகியிருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. அந்தப் பத்திரத்தில் உள்ள முகவரியை வைத்துத்தான் சின்ன அத்தையின் பேரப்பிள்ளைகளைத் தேடிப் பிடித்தோம். பத்திரம் இல்லாத வீடுகளில் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைப் பாருங்கள்; கட்டிக்கொடுத்த மகளும் அதில் இருப்பாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பாருங்கள். மொய் நோட்டைப் பாருங்கள்.

பெயர் எழுதும் முறையும் இதோடு சேர்ந்தது. இந்த மென்பொருள்கள் குடும்பப் பெயர் உள்ள தேசத்தாருக்காக உருவானவை. நமக்கு இருப்பது தகப்பனார் பெயரின் முதலெழுத்து. குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஒருவர் தகப்பனார் பெயரையும் மற்றொருவர் ஊர்ப் பெயரையும் போட்டுவைத்தால் பின்னிணைப்பில் வரும் பெயரகராதி யாருக்கும் பயன்படாது. நாங்கள் இட்ட பெயரை வைத்தே அகராதியை அடுக்கினோம். பக்கத்தில் தகப்பனார் பெயர். பெண்களுக்குப் பிறந்த வீட்டு முதலெழுத்து. கணவர் வழி முதலெழுத்தை மாற்றுப்பெயராகக் கொடுத்தோம். கூப்பிடும் பெயரும் கட்டாயம் வேண்டும். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று மருமகள்கள் பிள்ளைக்கு வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்ட வீடுகள் நம்முடையவை. “ராசா” என்றும் “பெரியவன்” என்றும் ஊருக்கே தெரிந்தவர், அவருடைய பத்திரப் பெயரில் மட்டும் அச்சானால் சொந்தப் பேத்திக்கே அடையாளம் தெரியாது.

சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட குடும்பங்களில் இன்னொரு வேலை இருக்கிறது. முன்னோருக்கு எண் கொடுக்கும் முறை ஒன்று பரவலாக உண்டு: நாம் 1, அப்பா 2, அம்மா 3, யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தகப்பனார், அதோடு ஒன்று கூட்டினால் தாயார். அக்காள் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அப்பாவைப் பெற்ற ஆச்சி எண் 5. அம்மாவைப் பெற்ற ஆச்சி 7. அவருடைய தாயார் 15. இந்த 5-உம் 15-உம் ஒரே பெண். மென்பொருள் அதை அறியாததுபோல இரண்டு இடத்திலும் அவரைப் பற்றி முழுக்க எழுதும், அவருக்கு மேலே உள்ள அத்தனை பேரையும் இரண்டு தடவை எழுதும். மாமன் மகள், அத்தை மகள் கல்யாணங்களும் நாலைந்து இருந்தால் நூலில் கால் பங்கு வந்ததே வரும். அறிக்கை எடுக்கும்போதே திரும்ப வருகிறவர்களை “முன்னர் காண்க” என்று நிறுத்திவிட வேண்டும். எந்த வழியில் இரட்டை உறவு என்பதை ஒரு வரியில் சொல்லவும் வேண்டும். “எனக்கு அவர் மாமாவா, தாத்தாவா?” என்று குழம்பும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரிதான் விடை.

ஊர்ப் பெயர்களை நிகழ்ச்சி நடந்த காலத்து அமைப்போடு எழுத வேண்டும். 1950-இல் செங்கோட்டையில் பிறந்தவர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் பிறந்தவர். 1956 நவம்பர் 1-க்குப் பிறகு அதே ஊர் திருநெல்வேலி மாவட்டம், 2019-லிருந்து தென்காசி மாவட்டம். இன்றைய மாவட்டத்தை எல்லோருக்கும் போட்டுவிட்டால் நாளைக்குப் பழைய ஆவணம் தேடிப் போகிறவர் தப்பான ஊர்க் கச்சேரிக்குப் போய் நிற்பார். எழுத்துருச் சிக்கலும் சின்னதல்ல. ஆங்கிலத்தில் ஏற்றிய பெயரைத் தமிழாக்கும்போது அவர் வள்ளியா வல்லியா என்று அந்த வீட்டாரைக் கேட்டே எழுத வேண்டும். கோப்பு யூனிகோடில் இருக்க வேண்டும். சில மென்பொருள்கள் பிடிஎஃப் எடுக்கும்போது ஒற்றைக்கொம்பை எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடும். ஆதலால் ஒரு பக்கம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டும்.

தேதியே இல்லாதவர்களை என்ன செய்வது? இறந்த தேதி கொடுக்காவிட்டால் பல மென்பொருள்கள் அவர் உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்ளும். எங்கள் பெரிய தாத்தா ஒருவர் மலாயா தோட்டத்துக்குப் போனவர். ஜப்பானியர் 1942-43-இல் சயாம்–பர்மா ரயில் பாதை போட்டபோது தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன ஆயிரக்கணக்கான தமிழர்களில் அவரும் ஒருவர் என்பது வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. காகிதம் ஒன்றும் இல்லை. அண்ணன் மகன் கோப்பில் அவர் “வாழ்பவர்”. அவருக்கு நாங்கள் எழுதிய வரி இது: “1942-க்குப் பின் தகவல் இல்லை, ரயில் பாதையில் இறந்ததாகக் குடும்பத்தார் சொல்வர்.” ஒரு தேதியைக் கற்பனையாகப் போட்டு அவரை முடித்துவைக்க எனக்கு மனசு வரவில்லை. பெயர் வைக்கும் முன்னே போன குழந்தைகளையும் இப்படித்தான், பெயரில்லாமலே, பிறந்த வரிசையில் வைத்திருக்கிறோம்.

உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் நேர்மாறான கவனம் வேண்டும். அவர்களுக்குப் பெயரும் உறவும் போதும். பிறந்த தேதி, தொலைபேசி எண், வீட்டு முகவரி எதுவும் அச்சில் வரத் தேவையில்லை. தாயாரின் பெயரும் பிறந்த தேதியும் கேட்டுத்தான் இன்றைக்கு எத்தனையோ இடங்களில் ஆளை உறுதி செய்கிறார்கள். மென்பொருளில் ஒவ்வொருவருக்கும் குறிப்பு எழுதும் கட்டம் ஒன்று இருக்கிறதே, அதைத் திறந்து பார்க்காமல் அறிக்கை எடுக்கவே கூடாது. தீர்ந்துபோன கல்யாணம், சுவீகாரம் போன செய்தி, யாரோ யாரையோ பற்றிக் கோபத்தில் சொன்னது எல்லாம் வருஷக்கணக்கில் அதில் கிடக்கும். கிராம்ப்ஸில் ஒவ்வொரு குறிப்பையும் அந்தரங்கம் என்று குறித்து அறிக்கையிலிருந்து விலக்கலாம். சுவீகாரப் பிள்ளைக்குப் பெற்றவர்களையும் வளர்த்தவர்களையும் கோப்பில் தனித்தனியே குறிக்க வேண்டியதுதான். அதை நூலில் போடலாமா என்பதை அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அவர் இல்லையென்றால் அவருடைய மக்கள்.

எங்கள் வரைவு இப்போது கிளைவாரியாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்செடுத்து, ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு அனுப்பினோம். வயசானவர்கள் பென்சிலில் எழுத அது வசதி. ஒவ்வொரு செய்திக்கும் கீழே அது பத்திரமா, ஜாதகமா, வாய்ச்சொல்லா என்று போட்டிருக்கிறோம். வாய்ச்சொல் என்றால் யார் சொன்னது என்றும் இருக்கிறது. மதினி ஒருத்தி தன் அம்மாவின் பெயரைத் திருத்தி அனுப்பியிருக்கிறாள். ரேஷன் கார்டில் இருந்ததே தப்பாம். தை மாதமே நூல் வேண்டும் என்று நின்ற அண்ணன் மகன் வைகாசிக்கு ஒத்துக்கொண்டான். ஈப்போவிலிருந்து ஒரு கிளையின் திருத்தம் இன்னும் வர வேண்டும். அது வந்தபின் முதலில் ஐம்பது பிரதி மட்டும் போடுகிறோம். அதில் ஒன்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும், இன்னொன்றைத் திருநெல்வேலி மாவட்ட மைய நூலகத்துக்கும், ஆதாரங்களின் நகல் கட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.